எங்கள் வீட்டுக் கதவை விழுங்கிய போர்க்கப்பல்

புழுங்கல் நெல் வேகும் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்கு இன்றைக்கும் குமட்டும். ஊரார் அதைச் சோற்று வாசனை என்று கொண்டாடட்டும், எனக்கு அது என் நைனாவின் சட்டை வாசனை. அந்தச் சட்டைக்குள் இருந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

நைனா பொன்னேரிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பாய்லருக்கு உமி தள்ளுகிற வேலை பார்த்தார். நெல் விளைகிற ஊரில் பிறந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு, அவள் ஊரான ஏரிக்கரைத் தோணிரேவுக்கு வந்து தங்கிவிட்டவர். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்கு எங்கள் பக்கம் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. அது பரம்பரையாக வருகிற உரிமை, வெளியூர் மாப்பிள்ளைக்கு அதில் இடம் கிடையாது. முழங்கால் தண்ணீரில் இறங்கவே பயப்படுகிற அவரை என் மாமன்மார் 'உமி மூட்டை' என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். ரோஷமுள்ள மனிதர் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பார். இவர் அவர்கள்மேல் குண்டு போட ஒரு போர்க்கப்பல் கட்டத் தீர்மானித்தார்.

ஆலை முதலாளி வீட்டில் எடைக்குப் போடக் கட்டிவைத்திருந்த பழைய புத்தகங்களில், நீராவிக் கப்பல்கள் புதிதாக வந்த காலத்துப் படம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. பாய்மரமும் புகைபோக்கியும் சேர்ந்தே நிற்கிற அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, எந்த நாட்டு ராஜாவிடமும் இல்லாத ஒரு கப்பலை எங்கள் மண்சுவரில் அடுப்புக்கரியால் வரைந்தார். "காத்து ஏமாத்தினா நெருப்பு, நெருப்பு ஏமாத்தினா காத்து" என்று இரண்டு பாய்மரம் வைத்தார். தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம் பக்கவாட்டில் இருந்தால் எதிரி ஒரே குண்டில் உடைத்துவிடுவான் என்று, தண்ணீருக்குள் மறைந்து சுழலும் விசிறியைப் பின்பக்கம் வைத்தார். இரண்டு பக்கமும் பீரங்கிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாமன் பெயர். ஆனால் நீராவி என்றால் அவருக்குத் தெரிந்த எரிபொருள் உமி ஒன்றுதான். உமி போட்ட வேகத்தில் எரிந்து தீர்கிற சரக்கு. அதனால் சுவரில் உமிக்கிடங்கு நாளுக்கு நாள் பெருத்து, முதலில் மாலுமிகள் படுக்கிற இடத்தையும், பிறகு சமையலறையையும், கடைசியில் கப்பல் தலைவனின் அறையையும் தின்றுவிட்டது.

"மாலுமிங்க எங்க தூங்குவாங்க, நைனா?" என்று கேட்டேன்.

"சண்டைக்குப் போறவனுக்கு இன்னா தூக்கம்?" என்றார்.

சுவரோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்த வருஷம்தான் நான் பெரியவளானேன். வாசலில் இருந்த பனை ஓலைத் 'தட்டி' மழையில் மக்கிப்போய், சாக்குப்படுதா ஒன்று தொங்கியது. சாராயக் கடைக்குப் போகிற பாதை எங்கள் வாசலை ஒட்டியே போனது. ஏரிக்காற்று நினைத்த நேரத்தில் சாக்கைத் தூக்கும், நான் பானை அடுக்குக்குப் பின்னால் குந்திக்கொண்டு துணி மாற்றுவேன். "பொட்டப்புள்ள கீற வூட்டுக்குக் கதவுதான் மொத நகை" என்று சொல்லிச் சொல்லி, விரலெல்லாம் புண்ணாக இறால் உரித்து, அம்மா வேப்பம்பலகை வாங்கிப் போட்டாள். பொங்கல் கழித்து வருவதாக ஆசாரி சொல்லியிருந்தார்.

ஒரு சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்தும் அம்மா இறால் கொட்டகையிலிருந்தும் வந்தபோது, பலகைகள் கட்டில் நீளத்துக்குக் கப்பலாக வளைந்து நின்றன.

"யோவ், இன்னாய்யா பண்ணி வச்சிக்கீற?" என்று அம்மா அலறினாள்.

"கதவு எப்ப வேணா போட்டுக்கலாம். இந்த மாதிரி கப்பல் எவன் கட்டுவான், சொல்லு?" என்றார் நைனா.

அந்த உமிக்கிடங்குக்குக் கீல் வைத்த குட்டிக் கதவு ஒன்று, திறந்து மூடுகிற மாதிரி, அழகாகச் செய்திருந்தார். உமிக்குக் கதவு இருந்தது. எனக்கு இல்லை. அன்றைக்கு அவரை வெறுத்தேன்.

பொங்கலன்று நாலு பேர் தூக்கிப் போய் அதை ஏரியில் விட்டார்கள். டால்டா டப்பாவில் செய்த புகைபோக்கியில் புகை வந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் புகுந்து உமி ஊறி, கப்பல் சேற்றில் உட்கார்ந்து சாய்ந்தது. ஒரு பக்கத்துப் பீரங்கிகள் வானத்தைப் பார்த்தன, மறுபக்கம் சேற்றுக்குள். "மச்சான், எங்களைச் சுடறது இருக்கட்டும், மொதல்ல அதைத் தூக்கி நிறுத்து" என்றார் பெரிய மாமா. ஊரே சிரித்தது. நான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தேன், நைனா காதில் விழட்டும் என்றுதான்.

பெரிய மாமாவே அதன் ஒரு பக்கத்தைக் கழற்றித் தட்டி நிமிர்த்தி எங்கள் வாசலில் மாட்டிக் கொடுத்தார். கதவு கிடைத்தது, பீரங்கி ஓட்டைகளோடு. ஓட்டைகளில் நான் கந்தல் அடைப்பேன், விடிந்தால் கந்தல் தெருவில் கிடக்கும். ஒரு நாள் பாவாடை மாற்றும்போது ஓர் ஓட்டையில் ஒரு கண் சிமிட்டுவதைப் பார்த்தேன். யாருடைய கண் என்று இன்றுவரை தெரியாது, அதனால் அந்தத் தெருவில் இருந்த அத்தனை ஆண்களையும் வெறுத்தேன். அழுதுகொண்டே போய் நைனாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஆமா, பீரங்கி ஓட்டைக்கெல்லாம் மூடி வச்சிருக்கணும். அலை அடிச்சா அது வழியாதான் தண்ணி பூந்திருக்கும்" என்றார்.

அந்த மண்வீடு இப்போது இல்லை, அங்கே காங்கிரீட் வீடு நிற்கிறது. ஆலை இருந்த இடம் கல்யாண மண்டபம். அம்மாவும் மாமன்மாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கை கால் விழுந்துபோன நைனா மட்டும் பொன்னேரியில் என் வீட்டில் கிடக்கிறார். எனக்குப் பின்னால் பிறந்த தம்பி எப்போதாவது வந்து, "உங்க தாத்தா பெரிய விஞ்ஞானிடா" என்று என் பிள்ளைகளிடம் பெருமை பேசிவிட்டுப் போகிறான். குளிப்பாட்டுவது நான்.

போன வாரம் உடம்பு துடைத்துவிடும்போது, கூடத்தில் யாரோ பேசும் சத்தம் கேட்டு அவர் பதறிப் போனார். வராத கையால் துண்டை இழுத்து மூடப் பார்த்தார்.

"யம்மா, கதவைச் சாத்தும்மா. யாராச்சும் பார்த்துடப் போறாங்க."

ஈரக்கையோடு எழுந்து போய்ச் சாத்தினேன், தாழ்ப்பாளும் போட்டேன். மன்னித்துவிட்டேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிப் பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.