சித்தப்பாவின் முன்னூறு மடங்கு

மாப்பிள்ளையே மைக் செட் போட்டுக்கொண்ட கல்யாணத்தை நான் ஒன்றே ஒன்றுதான் பார்த்திருக்கிறேன். அது எங்கள் சித்தப்பாவின் கல்யாணம். கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில், பழத்தின் தோலுரிக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. தபால் வழியாக ரேடியோ மெக்கானிசமும் படித்திருந்தார். படித்தவர் சும்மா இருப்பாரா? வாடகை செட் வேண்டாம், ஆம்ப்ளிபயரை நானே கட்டிவிடுகிறேன் என்று கிளம்பிவிட்டார். நலங்குக்கு உட்கார வேண்டிய மனிதர் சால்டரிங் புகைக்கு நடுவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அம்மாவுக்குக் கவலை. ஒன்பது வயதுப் பெண்ணான எனக்கோ அதைவிட வேடிக்கை உலகத்தில் வேறில்லை.

குறை ஒன்றே ஒன்று. அத்தை வரமாட்டேன் என்றுவிட்டார். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டு முடிச்சையும் உடன்பிறந்தவள்தான் போட வேண்டும். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இருந்தது அந்த ஒரே அக்காதான். இருந்ததும் தூரத்தில் இல்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர்ச் சரிவில். அங்கே சேலை காய்ந்தால் எங்கள் வாசலிலிருந்தே நிறம் சொல்லிவிடலாம். எனக்குக் காது குத்தியபோது அப்பா நேரில் போகாமல் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் அழைப்புச் சொல்லி அனுப்பிவிட்டார். அதிலிருந்து அத்தை எங்கள் வாசல் மிதிக்கவில்லை. இப்போது அம்மாவும் சித்தப்பாவும் தட்டோடு போய் அழைத்தார்கள். அவர் பலகாரமெல்லாம் கொடுத்து உபசரித்துவிட்டு, “பெரியவன் அவன் வாயால கூப்புடட்டும், வர்றன்” என்று அனுப்பிவிட்டார். “மாப்பிள்ளையே போயிட்டு வந்தாச்சு, இன்னும் நான் வேற எதுக்கு?” என்றார் அப்பா. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் பிற்பகல், சித்தப்பா ஒரு பலகையில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். பிறகு ஆம்ப்ளிபயரைத் திறந்து எதையோ மாற்றினார். அதுவரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்த டேப் ரிக்கார்டர் திடீரென்று மூக்கடைத்தது போலப் பாட ஆரம்பித்தது. தாளத்தின் சலங்கைச் சத்தமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அப்பா பந்தலிலிருந்து வந்தார். “ஏன்டா, பாட்டுக்குச் சளி புடிச்சிருச்சா?”

“மடங்கக் கூட்டியிருக்கறனுங்கண்ணா” என்றார் சித்தப்பா. “இந்த ஐ.சி. சில்லுக்கு, மடங்கையும் அதிர்வையும் பெருக்குனா மொத்தமே பத்து லட்சந்தானுங்க. சத்தத்த நூறு மடங்கு ஆக்குனா, செகண்டுக்குப் பத்தாயிரம் அதிர்வு வரைக்கும் கீச்சுக் கொரலெல்லாம் கேக்கும். முன்னூறு மடங்கு ஆக்குனா மூவாயிரத்துச் சொச்சத்தோட நின்னு போயிருமுங்க.”

அப்பாவுக்கு விளங்கவில்லை. அடுப்படியிலிருந்த அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. “மாவு ஒரு கரண்டிதானுங்க. கனமா ஊத்துனா தோசை சின்னதாப் போயிரும். அதத்தான் தம்பி சொல்லுது.”

“அப்ப நூறே வெய்யி. கல்யாண ஊட்டுல பாட்டு நல்லாருக்கோணும்.”

“பேச்சுக்கு மூவாயிரம் போதுமுங்கண்ணா. முன்னூறு மடங்கு இருந்தாத்தான் பள்ளத்தத் தாண்டும்.”

“பேச்சா? பாட்டுத்தானடா போடப்போறம்?”

சித்தப்பா மும்முரமாகத் திருப்புளியைத் தேடினார். அது அவருடைய மடியிலேயே இருந்தது.

எனக்கு மட்டும் ஒரு ரகசியம் தெரியும். காப்பிச் செடிகளுக்கு அப்பால், பள்ளத்தின் விளிம்பில் நின்ற மரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, எதிர்ச் சரிவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு வந்திருந்தார் சித்தப்பா. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று எனக்கு உத்தரவு. நான் மூச்சு விடவில்லை.

சாயங்காலம் சித்தப்பா மைக்கை அப்பா கையில் கொடுத்தார். “கணக்குச் சரியான்னு பாக்கோணுமுங்கண்ணா. வெளிக் கொழா எதுக்கும் இன்னும் கனெக்சன் குடுக்கல. இந்தச் சின்னப் பெட்டியில மட்டுந்தான் கேக்கும். தூரத்துல இருக்கறவங்களக் கூப்புடற மாதிரி எதாச்சும் பேசுங்க.”

“யாரக் கூப்புடறது?”

“சும்மாதானுங்க. அக்காளையே கூப்புடுங்களேன்.”

அப்பா தொண்டையைச் செருமினார். “அக்கா” என்றார். பெட்டியில் கேட்டது. ஒரு கணம் கழித்து எதிர் மலையிலிருந்து “அக்கா” என்று தெளிவாகத் திரும்பி வந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. அகப்பட்டுக்கொண்டோம் என்று நினைத்தேன். எதிரொலியை மறைக்க வேறு வழி தெரியாமல் பலமாக இரும ஆரம்பித்தேன். கக்குவான் வந்த பிள்ளைகூட அப்படி இருமியிருக்காது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, “கொஞ்சம் அடக்கு கண்ணு” என்றார். நான் அடக்கினேன். அவர் மைக்கை வாய்க்கு இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, நாந்தானுங்க. தம்பிக்கு நாளைக்குக் கல்யாணம். நானே வந்து கூப்புட்டிருக்கோணும், வல்லீங்க. அது தப்புத்தானுங்க. நீங்க முடிச்சுப் போடாம எப்புடிங்கக்கா? வெடியால வந்துருங்க.”

எதிர் மலையும் வந்துருங்க என்றது. அப்பா மைக்கைக் கீழே வைத்து, “சரியா இருக்குதாடா கணக்கு?” என்று கேட்டார். “சரியாத்தானுங்கண்ணா இருக்குது” என்ற சித்தப்பா தலை குனிந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிய சத்தம் மட்டும் கேட்டது. அப்பாவை இப்படி ஏமாற்றிவிட்டோமே என்று எனக்குக் கொஞ்சம் பாவமாகவும், நொடிக்கொரு தரம் சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் நான் மாட்டுக் கொட்டகைப் பக்கம் பல் விளக்கிக்கொண்டு நின்றேன். பனி இன்னும் விலகவில்லை. பள்ளத்துப் பாதையில் பேச்சுக் குரல் கேட்டது. முதலில் அத்தை ஏறி வந்தார், பட்டுச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு. பின்னால் அவருடைய பையைச் சுமந்துகொண்டு அப்பா. புது வேட்டி கட்டியிருந்தார், முகச்சவரமும் செய்திருந்தார். இருவரும் ஏதோ பழைய சங்கதியைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

“எங்க போயிருந்தீங்க?” என்று அம்மா கேட்டாள்.

“மாடு அவுத்துக்கிட்டு ஓடிப் போச்சு. தேடப் போனன். வழியில அக்கா வந்துது” என்றார் அப்பா.

நல்லவேளை, அன்றைக்கென்று பார்த்து மாடு ஓடிப்போயிற்று, இல்லாவிட்டால் அத்தை அவ்வளவு பெரிய பையைத் தனியாகவல்லவா தூக்கிக்கொண்டு ஏறியிருப்பார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அந்த ஆச்சரியத்தோடு வாயைக் கொப்பளித்துவிட்டு, பக்கத்தில் கட்டியிருந்த எங்கள் மாட்டின் நெற்றியைத் தடவிக் கொடுத்தேன். ராத்திரி போட்ட புல்லை அது இன்னும் அசை போட்டுக்கொண்டிருந்தது.