கிமோனோவில் வைத்த மஞ்சள்

காலை முகூர்த்தம் முடிந்ததும், மண்டபத்து அறையில் தம்பி மனைவியின் கிமோனோவை இஸ்திரி போட விரித்தேன். வெள்ளைப் பட்டு முழுக்கக் கொக்குகள், பொன்னிழையும் சிவப்பு நூலுமாக. எங்கள் ஊர் ஃபேர்லேண்ட்ஸில் ஆரி வேலைக் கடை வைத்திருக்கும் எனக்கே அப்படியொரு கைவேலை வராது. அதன் கீழ் ஓரத்தில் விரலகலத்துக்கு மஞ்சள்!

யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். புதுத்துணி எதுவானாலும் மூலையில் மஞ்சள் வைக்காமல் அம்மா யாரையும் உடுத்த விடமாட்டார். அந்த ஜப்பான் பெண்ணோடு ஒரு வார்த்தை பேசாதவர், அவள் துணிக்கு மட்டும் மஞ்சள் வைத்திருக்கிறார்.

ஆனால் அது புதுத்துணி அல்ல. அவளுடைய இறந்துபோன அம்மா தன் கல்யாணத்தில் உடுத்தியது. செத்தவர் துணியை நல்ல காரியத்துக்கு உடுத்துவதா என்று அம்மா மண்டபத்தையே அமர்க்களம் பண்ணிவிடுவார் எனப் பயந்து, நானும் தம்பியும் வாயே திறக்கவில்லை. மாலை வரவேற்பில் அதை உடுத்தி நிற்க வேண்டும் என்பதுதான் அவள் எங்களிடம் கேட்டிருந்த ஒரே ஆசை.

பதற்றத்தில் சோப்பு நுரையைத் தொட்டு வைத்தேன். மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்பது எந்தப் பொம்பளைக்குத் தெரியாது? புத்திக்கு முன்னால் கை போய்விட்டது. குங்குமம் கொட்டினாற்போல் கறை சிவந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் உள்ளே வந்தாள். தரையில் உட்கார்ந்து, அந்த ஓரத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"என் அம்மா டிரெஸ்" என்றாள், தம்பி சொல்லிக்கொடுத்த தமிழில்.

நிமிர்ந்தால், வாசலில் என் அம்மா. போச்சு, எல்லாம் போச்சு.

"ஏம்புள்ள, இவங்கம்மா துணியா இது?"

"ஆமாம்மா. அவங்க இப்ப இல்ல."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ வேண்டாம்பேன்னு பயந்துதான்."

அம்மா கத்தப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரோ அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"தெரியாம மஞ்ச வெச்சுப்போட்டேன் சாமி. உங்கம்மா துணின்னு தெரிஞ்சிருந்தா, மொதல்ல அவங்க படத்துக்கு முன்னால வெச்சுக் கும்புட்டிருப்பேனே."

சொல்லிவிட்டு அந்தக் கிமோனோவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கறையின் மேலிருந்த கைகளை மெல்ல எடுத்தாள். கிமோனோவைத் தூக்கி என் அம்மாவின் மடியில் வைத்தாள்.