அச்சாரப் பணமும் ஒட்டாத முத்திரையும்

பதுளைக் கடைவீதியில் வடிவம்மாவின் படக்கடைக்குத் தோட்டத்துப் பெண்கள் தயங்காமல் வருவார்கள். காமிராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவது ஒரு பெண் என்பதால், முகவாயைத் தொட்டுத் திருப்பினால்கூட அவர்கள் கூசுவதில்லை. கணவர் கதிர்காமநாதன் இருந்த காலத்தில் அவள் இருட்டறையில் படம் பதிந்த கண்ணாடித் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் காய்ச்சலில் போன பிறகு, காமிராவை விற்றுவிட்டுத் தன் வீட்டோடு வந்துவிடும்படி தமையன் சொன்னார். "விக்கிறதுக்கு முந்தி ஒரே ஒரு படம் எடுத்துப் பாக்குறேண்ணே" என்றாள். எடுத்தாள். விற்கவில்லை.

1912ஆம் ஆண்டு தை மாதம் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி அழகர் கடைக்கு வந்தார். மகள் ஜெயலெட்சுமிக்குக் கல்யாணம். கடல் கடந்து வரமுடியாத தன் அண்ணனுக்குத் திருச்சிக்கு அனுப்பப் பந்தலில் வைத்துப் படம் எடுக்க வேண்டுமாம். முப்பது ரூபாயை அச்சாரமாக வைத்தார். வடிவம்மா ரசீது எழுதிக் கொடுத்தாள்.

இருபது ரூபாய்க்கு மேல் வாங்கினால் ரசீதில் அரசாங்க முத்திரை ஒட்ட வேண்டும். அது அவளுக்குத் தெரியும். படத்தைக் கொடுத்துக் கணக்குத் தீர்க்கும்போது ஒட்டுவாள். அச்சாரத்துக்கு ஒட்டியதில்லை. வழக்கமாக வருவது ஐந்தும் பத்தும்தான் என்பதால் அதுவரை யாரும் கேட்டதுமில்லை.

மாட்டுவண்டியில் பண்டாரவளைக்குப் போய், அங்கிருந்து ரயிலேறி அவள் தோட்டத்தை அடைந்தபோது தொழிலாளர் குடியிருக்கும் லயத்து முற்றமே தெரியாதபடி மூடுபனி இறங்கியிருந்தது. தாலி கட்டியாயிற்று. பனி விலகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பொழுது சாய்வதற்குள் வெலிமடைக்குப் புறப்பட வேண்டுமென்று அவசரப்பட்டார்கள். வேறு வழியில்லாமல் எடுத்தாள். கழுவிப் பார்த்தால் தகடுகளில் ஒரே சாம்பல். மணமக்கள் எங்கே, பந்தல்கால் எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை.

"படம் இல்லன்னா பணத்தக் குடுத்துருங்கம்மா" என்று அழகர் கடைக்கு வந்து கேட்டார்.

"தகடு வாங்கி, வண்டி பிடிச்சு, ரயிலேறி வந்தேன் கங்காணி. பனிய நானா கூட்டிட்டு வந்தேன்?"

"நானும் கூட்டிட்டு வரலியே!"

பேச்சு முற்றியது. "பொம்பளைய நம்பி இந்த வேலையக் குடுத்தேன் பாருங்க, என்னையச் சொல்லணும்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போனார் அழகர். பாதியையாவது திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தவள், அந்தப் பேச்சோடு மனதை இறுக்கிக்கொண்டாள். அவர் வழக்குப் போட்டார்.

வடிவம்மாவின் வக்கீல் தம்பையா யாழ்ப்பாணத்துக்காரர். அழகர் தாக்கல் செய்த ரசீதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "முத்திரை இல்லை. இந்தத் துண்டைக் கோட்டிலை எடுக்கமாட்டினம். நீங்கள் வாய் திறவாமல் இருங்கோ, அதுவே காணும்."

ஆனால் நீதிபதித் துரை, ஏன் முத்திரை ஒட்டவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டபோது, தம்பையா எழுவதற்குள் அவளே பதில் சொல்லிவிட்டாள்.

"அது அச்சாரங்கய்யா. படத்தக் கையில குடுக்குறவரைக்கும் அது என் காசு இல்ல. அவரு காசு எங்கிட்ட இருக்கு, அவ்வளவுதான். அதான் ஒட்டல."

துரை மறுப்பாகத் தலையசைத்தார். அச்சாரமோ முழுப்பணமோ, கைக்கு வந்த அன்றே முத்திரைத் தீர்வை விழுந்துவிட்டது, படம் கொடுத்த நாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். தீர்வையையும் தண்டத்தையும் அவள் கட்ட வேண்டும், கட்டினால் ரசீதை ஏற்கலாம். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "உன் காசு இல்லை என்கிறாய். படமும் கொடுக்கவில்லை. அப்படியானால் அது யாருடைய காசு?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். வடிவம்மாவுக்குக் காது சுட்டது. "தகட்டுச் செலவு, பயணச் செலவு எண்டு சொல்லுங்கோ" என்று தம்பையா முணுமுணுத்தார். அதுவும் உண்மைதான். ஆனால் பணம் வாங்கிய அன்றைக்கு அதையெல்லாம் அவள் அழகரிடம் சொல்லவில்லையே. அழகரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அவரு காசுதாங்கய்யா. குடுத்துர்றேன்."

வளையலை அடகு வைத்துத்தான் கொடுத்தாள். கோர்ட்டு வாசலில் பணத்தை மடியில் முடிந்துகொண்ட அழகர் போகாமல் நின்றார்.

"அன்னைக்குத் தெருவுல அப்படிப் பேசினது தப்பும்மா. பொண்ணு வெலிமடையிலதான் இருக்கா. அண்ணன் இன்னமும் படம் கேட்டுக் கடுதாசி போட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."



"வர்றேன் கங்காணி. ஆனா பேச்ச முன்னாடியே பேசிக்குவோம். தகட்டுக் காசும் வண்டிக்கூலியும் மழை பெஞ்சாலும் பனி கொட்டினாலும் திரும்பாது. படத்துக்கான காசு, படம் வந்தா மட்டும்."

"சரிதாங்கம்மா."

இந்தத் தடவை ரசீதில் முத்திரையை முதலிலேயே ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட்டுத் தந்தாள். பங்குனி வெயிலில் வெலிமடையில் படம் எடுத்தார்கள். மாப்பிள்ளை வெட்கப்பட்டு விலகி விலகி நின்றான். ஜெயலெட்சுமிதான் அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். அந்த நொடியில் வடிவம்மா காமிராக் கண்ணாடியின் மூடியைத் திறந்ததால் பெண்ணின் கை மட்டும் படத்தில் கொஞ்சம் கலங்கிப்போனது. இன்னொன்று எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு அழகர் வேண்டாமென்றார். அதைத்தான் திருச்சிக்கு அனுப்பினார்.

அதற்குப் பிறகு கடைக்கு வருபவர்களிடம், காமிராவைத் தொடுவதற்கு முன்பே, எது திரும்பும் எது திரும்பாது என்பதை அவள் சொல்லிவிடுவாள். இவ்வளவு கறாரா என்று சிலர் எழுந்து வேறு கடைக்குப் போனார்கள். அவள் கூப்பிடவில்லை. வளையலை மீட்க அடுத்த தீபாவளி வரை ஆயிற்று.