கண்மாய்க்குக் கோடு போட்ட கதை

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைச் சோதித்து, "புதிதாகக் கற்பவர்களுக்கு இது ஆகும், இது ஆகாது" என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். அதில் உண்மையிலேயே இலவசமாகப் போவது என் பொறுமை மட்டும்தான்.

ராமநாதபுரத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். போன வருடம் என்னிடம் வந்தது, எண்களைக் கொடுத்தால் வரைபடமாக்கித் தரும் ஓர் இணையதளம். "ஐந்தே நிமிடத்தில் அழகான வரைபடம்" என்று முகப்பிலேயே போட்டிருந்தது. அந்த ஐந்து நிமிடத்தை நம்பி ஒரு நாளைத் தொலைத்தவர்தான் நீங்களும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

சோதனைக்குச் சாயல்குடிப் பக்கம் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தேன். மேல ஊர்க் கண்மாய் நிறைந்ததும் வரத்துக்கால் என்ற வாய்க்கால் வழியாக இந்த ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் வர வேண்டும். கால் முழுக்கச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது. அந்த வருடத் தூர்வாரும் பட்டியலில் அந்தக் காலைச் சேர்க்காவிட்டால் நெல்லும் போச்சு, மிளகாயும் போச்சு. விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் வாய்வார்த்தையாக மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டார்கள். இந்தத் தடவை படத்தோடு போவது என்று முடிவு. பாசனச் சங்கச் செயலாளர் பாண்டியம்மாள் அந்த இணையதளத்தில் படம் போட வேண்டும். அவரால் முடிந்தால் கருவி பாஸ்.

நீங்கள் யார்?

பாண்டியம்மாள் பத்தாவது படித்தவர். செல்போனில் அவர் விரல் ஓடுகிற வேகம் எனக்கு வராது. தளத்தைத் திறந்ததுமே ஒரு கேள்வி வந்தது: நீங்கள் யார்? மாணவர், ஆசிரியர், பத்திரிகையாளர், ஆய்வாளர், நிறுவனம் என்று ஐந்து கட்டம். ஒன்றைத் தொட்டால்தான் உள்ளே விடும்.

அவர் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "ஏதாவது ஒண்ணை அமுக்குங்கக்கா, ஆய்வாளர்னு போடுங்க" என்றேன். அமுக்கினார். அமுக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டார்: "ஏன் மேடம், விவசாயம் பாக்குறவுகளுக்கு எதுக்குப் படம்னு விட்டுட்டாகளோ?"

மில்லிமீட்டர் மழை

எங்களுக்குக் கிடைத்த எண்கள் எல்லாம் கருப்பையா அண்ணனின் நோட்டில் இருந்தன. அவர் அந்த ஊர் நீர்ப்பாய்ச்சி, அதாவது மடையைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் விடுகிறவர். வாராவாரம் இரண்டு கண்மாய்க்கும் நடந்து போய், மடைக் கல்லில் செதுக்கியிருக்கும் படிகளை எண்ணி, தண்ணீர் எத்தனை படி என்று எழுதி வைத்திருந்தார். பக்கத்திலேயே மழைக்கும் ஒரு பத்தி: "ஒரு உழவு", "அரை உழவு", "சும்மா தூத்தல்". மண் எவ்வளவு நனைந்தால் ஏர் இறங்கும் என்ற கணக்கு அது.

பாண்டியம்மாள் எல்லாவற்றையும் தட்டி முடித்தார். மழைப் பத்தி முழுக்கச் சிவப்பு விழுந்தது. எண் மட்டும்தான் வேண்டுமாம். நான் கருப்பையா அண்ணனுக்குப் போன் போட்டு, ஒரு உழவு மழை என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டேன். சோதனை செய்கிறவள் கேட்க வேண்டிய கேள்விதான், ஒத்துக்கொள்ளுங்கள். அவர் திருப்பிக் கேட்டார்: "மில்லிமீட்டர்ல பேஞ்சா மம்பட்டி எறங்குமாம்மா?"

மழையை எண்ணாகப் போடாமல் கோட்டின் மேல் குறிப்பாக எழுதிவிட்டோம். கருவி அதற்கு இடம் கொடுத்தது. கருவிக்கு ஒரு மதிப்பெண். பாண்டியம்மாளும் திருப்தியாகச் சொன்னார்: "இப்பத்தான் மேடம் இது நம்ம ஊரு மழை."

மேலாளரின் வட்டம்

எங்கள் மேலாளருக்குக் கோடு பிடிக்காது, வட்டம்தான் பிடிக்கும். எதைக் கொடுத்தாலும் "இதை வட்டமாப் போட்டா பளிச்சுன்னு இருக்கும்" என்பார். உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார், பெயர்தான் வேறாக இருக்கும். அவர் மனம் கோணாமலிருக்க, பன்னிரண்டு மாதத் தண்ணீரையும் பன்னிரண்டு துண்டாக ஒரு வட்டத்தில் போட்டுப் பாண்டியம்மாளுக்கு அனுப்பினேன். படத்தின் கீழே போட்டிருந்த என் பெயருக்காகவாவது அவர் பாராட்டுவார் என்று நினைத்தேன். உடனே குரல் பதிவு வந்தது. மேலாளர் பக்கத்தில் நிற்கும்போதே ஒலிபெருக்கியில் போட்டுவிட்டேன், என் புத்தி அப்படி: "மேடம், யாருக்குப் பொறந்த நாளு, கண்மாயைக் கேக்கு வெட்டி அனுப்பியிருக்கீக?"

சித்திரையில் நிறைந்த கண்மாய்

கூட்டத்துக்கு முதல் நாள் காலை. இரண்டு கண்மாய்க்கும் இரண்டு கோடு, பெரிய தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அவ்வளவு அழகாக வந்திருந்தது. கருவி அருமை என்று அறிக்கையும் எழுதி முடித்திருந்தேன். கண்மாய்க் கரையில் தாளை விரித்ததும் பாண்டியம்மாள் குனிந்து பார்த்தார். "சித்திரையில கண்மாய்க்குள்ள ஆடு மேய்ச்சோம். இங்கன என்னடான்னா நெறஞ்சு நிக்குது?" என்றார். "கருவி தப்புப் பண்ணாதுக்கா, நோட்டுல இருக்கிறதைத்தான் போட்டிருக்கு" என்று நான் கெத்தாகச் சொன்னேன்.

கருப்பையா அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டோம். ஒவ்வொரு மடையிலும் ஒன்பது படி. நாங்கள் நினைத்தது, தண்ணீருக்குள் மூழ்கிய படி. அவர் எழுதியது, வெளியே தெரிகிற படி. கண்மாய் வற்ற வற்ற எண் ஏறும். "மேல நிக்கிறவன் மேலயிருந்துதானே எண்ணுவான்? முங்கிப் போயி அடியிலயிருந்தா எண்ணுவான்?" என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது. நான் மறுபடி தாளைக் குனிந்து பார்த்தேன். அந்தப் படத்தில் மேல ஊரைவிட இந்த ஊர்க் கண்மாயில்தான் தண்ணீர் அதிகம்! அதோடு கூட்டத்துக்குப் போயிருந்தால், தூர்வார வேண்டாம் என்று நாங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும்.

அந்தத் தளத்தில் அளவைத் தலைகீழாக்க ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதை "புதியவர்களுக்குத் தேவையில்லாத வசதி" என்று அறிக்கையில் எழுதிய புண்ணியவதி நான்தான். பாண்டியம்மாள் போனிலேயே தேடிக் கண்டுபிடித்து அதில் ஒரு டிக் போட்டார். கோடுகள் இரண்டும் புரண்டு சரியாக நின்றன. கார்த்திகையில் மேல ஊர்க் கோடு மேலே ஏறியது, எங்கள் கோடு எழுந்திருக்கவே இல்லை. நான் மூச்சு விட்டதைப் பார்த்து அவர் சொன்னார்: "இம்புட்டு லேசான வேலைக்கா மேடம் மூஞ்சி அப்படிச் செத்துப் போச்சு?"

ஏட்டில் நிற்கும் தண்ணீர்

மறுநாள் கூட்டத்தில் மேசையின் அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, நாங்கள் திருத்தி மறுபடி அச்சடித்த தாளை வாங்கிப் பார்த்தார். "எங்க ஏட்டுல ரெண்டு கண்மாயும் நிறைஞ்சதாத்தானே இருக்கு? இதை யார் போட்டது?" என்றார். பாண்டியம்மாள் எழுந்தார். "நான்தான் சார்." கோட்டில் விரலை வைத்து, இந்த வாரம் ஒரு உழவு மழை, இங்கே மேல ஊர் நிறைந்தது, இங்கே நமக்கு ஒரு சொட்டும் வரவில்லை, நடுவில் இருப்பது கருவேலம் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

அதிகாரி ஏட்டைப் புரட்டினார், படத்தைப் பார்த்தார், மறுபடி ஏட்டைப் புரட்டினார். அப்புறம் படத்தோடு கொடுத்த மனுவின் ஓரத்தில் பச்சை மையில் "வரத்துக்காலை இவ்வாண்டுப் பணியில் சேர்க்க" என்று எழுதினார். அவரை எழுத வைத்தது கோடா, அவர் ஏட்டைப் புரட்டும்போது பின்வரிசையிலிருந்து கருப்பையா அண்ணன் கேட்ட கேள்வியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் கேட்டது இவ்வளவுதான்: "ஏட்டுல நிக்கிற தண்ணிய எந்த மடையத் தொறந்து பாய்ச்சணும்னு சொல்லுங்கய்யா, நான் தொறந்து விடுறேன்."

அந்தக் கருவி புதியவர்களுக்கு நிச்சயம் ஆகும் என்று தைரியமாகச் சான்று தருகிறேன், அந்தப் புதியவர் நான்தான் என்ற ஒரு திருத்தத்தோடு.