ஒன்பதாவது கேள்வி

போன செவ்வாய்க்கிழமை காலை புங்குடுதீவிலிருந்து ரெலிபோன். ஊர்ச் சங்கத்துச் செயலாளர் தம்பி கதைத்தார்.

"மாஸ்டர், இந்த வருசமும் நாரிநோ காம்ப் வைக்கிறம். நீங்கள்தான் வந்து இங்கிலீசைத் தமிழாக்கித் தரவேணும். அதோட பேப்பரில உங்கட பத்தியில ஒரு அறிமுகம் எழுதிவிட்டியள் எண்டா நல்ல சனம் வரும்."

புதிதாக வாசிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவுப் பக்கம் நாரி என்றால் முதுகின் அடிப்பகுதி. நோ என்றால் வலி. மாஸ்டர் என்பது நான். முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்து, ஓய்வு பெற்று, சரவணையில் வீட்டோடு கிடப்பவன்.

"ஆர் வாறது? போன முறை வந்த தம்பியோ?" என்று கேட்டேன்.

"சீச்சீ... அவனை இனி ஆர் மாஸ்டர் கூப்பிடுறது? உங்கட அக்காவை இந்தக் கோலமாக்கினவன் அவனெல்லோ! இது வேற ஆள். லண்டனில இருந்து வாறார்."

 பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரு வருடமாக நான் ஒன்றும் சொல்லாமல்தான் இருக்கிறேன்.

அறிமுகம்தானே வேண்டும்? எழுதிவிட்டால் போச்சு.

கைரோபிராக்டிக்... சொல்லிப் பாருங்கள், நாக்கு உளுக்கும்! போன வருடக் காம்பில் எங்கள் சனம் முதல் நாளே அதைக் 'கைராசி' ஆக்கிவிட்டது. "கைராசி டொக்டர் எத்தினை மணிக்கு வாறார்?" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார்கள். மருந்து இல்லை, ஊசி இல்லை, கத்தி இல்லை. கை மட்டும்தான். முதுகெலும்பு ஒரே எலும்பு இல்லை. சின்னச் சின்ன எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. இடையில் மெத்தை போலத் தட்டுகள், நடுவில் நரம்பு. இதில் அசைய மறுக்கிற மூட்டைக் கண்டுபிடித்து, பக்கம் பார்த்து, சுருக்காக ஒரு தள்ளு. 'டக்' என்று கேட்கும். எலும்பு முறிகிற சத்தமில்லை. மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் காற்று குமிழியாகிற சத்தமாம். பலருக்குச் சுகம் கிடைக்கிறது. எல்லாருக்கும் இல்லை, எல்லா நோவுக்கும் இல்லை.

மசாஜ் தெரபி வேறு விஷயம். அது எலும்பை விட்டுவிட்டுத் தசையைப் பார்ப்பது. இறுகிக் கிடக்கிற தசையைத் தேடி, அழுத்தி, நீவி, இளக்குவது. நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் எண்ணெய் போட்டு உருவி விடுவாரே, அதற்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சொல்லால் சங்கத்தில் பெரிய சண்டையே நடந்தது. பதாகையில் 'மசாஜ்' என்று போடக்கூடாதாம். டவுனில் அந்தச் சொல்லைக் கேட்டாலே பொடியள் ஒரு மாதிரிச் சிரிக்கிறார்களாம். "ஊர்ப் பொம்பிளையள் வாற இடம், மாஸ்டர்!" என்று தலைவர் பதறினார். கடைசியில் 'தசை நீவுதல்' என்று போட்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் வாசலில் நின்று கேட்டார்கள் — "தசை நீவுதல் எண்டா என்ன?" சங்கத்துக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்ன பதில் — "மசாஜ்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு சொல்லைச் சொல்ல இவ்வளவு வெட்கமா என்று அவர்களைப் பகிடி பண்ணினேன். எனக்கு அன்று வாய் கொஞ்சம் நீளம்.

போன வருடம் வந்த தம்பி ரொறன்ரோவில் பிறந்தவர். தாய் தகப்பனுக்குப் புங்குடுதீவு. கோயில் திருவிழாவுக்கு மனைவியோடு வந்தவர். அவர் கைரோபிராக்டர், மனைவி மசாஜ் தெரபிஸ்ட். ஊரில் மிச்சமாக இருப்பது பூட்டின வீடுகளும் நாரி பிடித்த எங்களைப் போன்றவர்களும்தான் என்று கண்டு, வெள்ளி, சனி இரண்டு நாளும் இலவசமாகப் பார்க்கிறேன் என்றார். நல்ல பிள்ளை. ஆனால் தமிழ் அரைவாசிதான். வெள்ளிக்கிழமை ஒரு பெரியவர், "தம்பி, என்ர நாரிதான் பெரிய கரைச்சல்" என்று சொல்ல, இவர் போனில் தட்டி அர்த்தம் பார்த்திருக்கிறார். நாரி என்றால் பெண் என்று அது காட்டியிருக்கிறது. "அங்கிள், வைஃபோட ப்ரொப்ளமா?" என்று மிகவும் அனுதாபமாகக் கேட்டாராம்!

சனிக்கிழமை விடிய என்னைப் பிடித்துக்கொண்டு போய் இருத்திவிட்டார்கள்.

தம்பி ஆளைத் தொட முன்னம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பன்னிரண்டு கேள்விகள், எல்லாம் ஆங்கிலத்தில். விழுந்தீர்களா, எலும்புத் தேய்வு உண்டா, புற்றுநோய் வந்ததா, காய்ச்சல் இருக்கிறதா... நான் தமிழில் கேட்டு, ஓம் என்றோ இல்லை என்றோ அடையாளம் போட வேண்டும். அவர் என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து சொன்னார் — "சேர், இது ரொம்ப முக்கியம். ஒண்டையும் விடாதீங்க. சிலதுக்கு ஓம் எண்டா நான் தொடவே மாட்டன். நேர ஹொஸ்பிட்டல்."

"எனக்கு விளங்கும் தம்பி, நீர் யோசிக்காதையும்" என்றேன். படிப்பித்த வாத்தி அல்லவா!

பத்து மணி போல என் அக்கா வந்தா. நயினாதீவில் வாழ்க்கைப்பட்டவ. அத்தான் இல்லை, பிள்ளைகள் பிரான்சில், தனியத்தான் சீவியம். குடிதண்ணீர்க் கானைத் தூக்கித் தூக்கியே நாரியைக் கெடுத்துக்கொண்டவ. போட் ஏறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வந்திருந்தா. பெண்களின் நீண்ட வரிசையைப் பார்த்துவிட்டு, அதில் நிற்காமல் நேரே என்னிடம் வந்து இருந்தா.

"என்ர தம்பிதானே எழுதுறான். எனக்கென்ன பயம்?"

நான் எழுதினேன். பிறகு உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். என்ன செய்கிறது என்று தம்பி கேட்டார். "நாரி நோ பழகிப் போச்சு மகன். இப்ப கொஞ்ச நாளா ரெண்டு காலும் ஒரே விறைப்பு" என்றா அக்கா.

"ஸ்டிஃப்" என்றேன் நான்.

தம்பி கால்களை மடக்கிப் பார்த்தார், முதுகைத் தடவிப் பார்த்தார். என் படிவத்தை இன்னொரு முறை பார்த்தார். பக்கவாட்டில் படுக்க வைத்து ஒரு தள்ளு. டக். பிறகு மனைவி வந்து மறைப்புக்குப் பின்னால் தசையை நீவிவிட்டார். அக்கா எழும்பி, "கொஞ்சம் சுகம் மாதிரித்தான் கிடக்கு" என்றா. சங்கத் தலைவர் பக்கத்தில் வந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். அக்கா பின்னேரப் போட்டில் போய்விட்டா.

திங்கட்கிழமை காலை நயினாதீவிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண் அழுதுகொண்டு போன் எடுத்தா. அக்காவால் எழும்பி நிற்க ஏலாதாம், இடது பாதம் தொங்குகிறதாம். பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி நாலு பேர் தூக்கிப் போட்டில் ஏற்றினார்கள். நான் குறிகட்டுவானில் அம்புலன்சோடு நின்றேன். கதிரையின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தா. வீணாய்ப் போன சிரிப்பு, இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

அன்றே ஸ்கான், அன்றே ஒப்பரேஷன். முதுகுத் தட்டு ஒன்று பிதுங்கி நரம்புக் கற்றையை நெரித்துக்கொண்டு இருந்திருக்கிறது. சனிக்கிழமைக்கு முன்னமே அப்படித்தானாம். அப்படிப்பட்ட முதுகில் கை வைக்கவே கூடாதாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க வேணுமாம்.

இப்போது அக்கா என் வீட்டில். இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறா. சலம் — சிறுநீரைத்தான் நாங்கள் சலம் என்போம் — குழாயில்தான் போகிறது. அந்தப் பையைச் சேலைக் கொய்யக மடிப்புக்குள் மறைத்துக்கொண்டுதான் விறாந்தைக்கே வருவா. இனித் தன் வீட்டில் தனிய இருக்க ஏலாது. வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாயிற்று. இதையெல்லாம் ஒரு குறையும் சொல்லாமல் செய்கிறாவே, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

ஊர் என்ன சொன்னது? "கனடாப் பொடியன் மனுசியின்ர முதுகை முறிச்சுப் போட்டான்." சொந்தக்காரருக்கு நான் என்ன சொன்னேன்? மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிழையாகிவிட்டது என்றேன். விறைப்பு என்றால் எங்களுக்கு இரண்டு அர்த்தம். செத்த மீன் விறைத்துக் கிடக்கும் — அது மடங்காமல் கிடப்பது. பல்லுப் பிடுங்க முன்னம் ஊசி போட்டு விறைக்க வைப்பார்கள் — அது உணர்ச்சி இல்லாமல் போவது. அக்கா சொன்னது இரண்டாவது, நான் அவசரத்தில் சொன்னது முதலாவது. ஆங்கில வாத்தியாருக்கு இப்படி ஒரு சறுக்கல்! எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். "அது ஆருக்கும் வாற பிழைதானே, மாஸ்டர்" என்றார்கள்.

ஓம், ஆருக்கும் வாற பிழைதான். அதைச் சொல்லிச் சொல்லி அதற்குப் பின்னால் நான் ஒளிந்திருந்தேன்.

படிவத்தின் ஒன்பதாவது கேள்வி இதுதான்: சலம், மலம் போவதில் மாற்றம் உண்டா? தெரியாமல் போகிறதா?

ஆண்களிடம் கேட்டேன். "என்ன ஐயா, தண்ணி வென்னியெல்லாம் ஒழுங்காப் போகுதோ?" என்று பகிடியாகவே கேட்டேன். பெண்களிடம் கேட்கவில்லை. ஒருவரிடமும் கேட்கவில்லை. அவர்கள் எல்லாருக்கும் நானே 'இல்லை' என்று அடையாளம் போட்டேன். பக்கத்துக் கதிரைகளில் சனம், வாசலில் தலைவர், அங்கே இங்கே நான் படிப்பித்த பிள்ளைகள். அந்தச் சபையில் சொந்த அக்காவிடம் ஒரு தம்பி கேட்கிற கேள்வியா இது? வரிசையில் நின்ற ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்க வைத்திருக்கலாம். அதற்கும் அந்தக் கேள்வியை முதலில் நான் வாயால் சொல்ல வேண்டுமே... பேனையால் ஒரு சின்னக் கீறு, முடிந்தது. 'மசாஜ்' என்று சொல்லக் கூச்சப்பட்ட தலைவராலாவது ஒருவருக்கும் தீங்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்தது ஒரு இளம் டொக்டர். பொடியன். சுற்றிவரக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலுக்கும் இரண்டு விருந்தாளிகள். அவர் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"அம்மா, சலம் தெரியாமல் போகுதோ?"

"ஓம் மகன். போன புதன் துவக்கம். இருமினாலும் போகுது, போனதும் தெரியிறேல்லை."

புதன்! அக்கா காம்புக்கு வந்தது சனிக்கிழமை.

அடுத்த நாள் ரொறன்ரோத் தம்பி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். கையில் அந்தப் படிவம். முகம் செத்துப் போயிருந்தது. ஒன்பதாவது கேள்வியில் விரலை வைத்து, "சேர்... இது நீங்க அவங்களைக் கேட்டீங்கதானே?" என்றார்.

"கேட்டனான்" என்றேன்.

அவ்வளவுதான். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். தன் கைதான் செய்தது என்று நம்பிக்கொண்டே விமானம் ஏறினார். ஊர் அவரைத் திட்டியபோதெல்லாம் நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். வெட்கத்தால் செய்த பிழையை வெட்கத்துக்காகவே மறைத்தேன். வேறென்ன சொல்ல?

செயலாளர் தம்பி, நீர் கேட்ட அறிமுகம் இதுதான். காம்ப் தாராளமாக வையும். கூப்பிடுவதானால் பழைய தம்பியைக் கூப்பிடும், அவர் கேட்க வேண்டிய எல்லாவற்றையும் சரியாகத்தான் கேட்டார். பெண்களிடம் கேட்க ஒரு பெண்ணை இருத்தும். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடாதையும். வாசிக்கிறவர்களே, நாரிநோவோடு கால் உணர்ச்சி இல்லாமல் போனாலோ, சலம் மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ கைராசியிடமும் போகாதீர்கள், பரியாரியாரிடமும் போகாதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இதை அனுப்ப முன்னம் நேற்று அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்பதாவது கேள்வியை நான் கேட்காமல் விட்ட இடம் வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா.

"விசரா, இதை எழுதாதை. நீ கேட்டிருந்தாலும் நான் இல்லையெண்டுதான் சொல்லியிருப்பன். ஒரு ஆம்பிளை கேட்டால், அத்தினை சனத்துக்கு முன்னால எப்பிடியடா ஓம் எண்டு சொல்லுறது?"

ஆஸ்பத்திரியில் கேட்டவரும் ஆம்பிளைதான். அங்கே சனம் இன்னும் கூடுதல்.