ஒரு துளி கூடுதல்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் துளியக்காதான். காற்றும் ஈரமும் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் தடித்த கையுறை வழியாகக் கையை விட்டு, பொத்தான் அளவு பேட்டரிகளைக் கோப்பது வேலை. லித்தியத் தகடு, மெல்லிய சவ்வு, சில துளி மின்பகுளித் திரவம், அப்புறம் மூடி. கை நடுங்கியதே இல்லை. மனசுதான் இளகினது, வினையும் அதனால்தான் வந்தது.

அந்தத் திரவம் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. சார்ஜ் ஏற்றும் ஒவ்வொரு முறையும் லித்தியம் அதைக் கொஞ்சம் தின்றுவிடும். திரவம் தீர்ந்தால் பேட்டரி கதை முடிந்தது. நிறைய ஊற்றினால் எடை கூடும்; இலேசான பேட்டரிக்குத்தானே இத்தனை பாடும்? குறைந்த திரவத்திலேயே நெடுநாள் தாங்கும் கலவையைத்தான் அங்கே ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி தேடிக்கொண்டிருந்தாள். செய்த கலவை எல்லாம் ஒரு வாரத்தில் மண்டையைப் போட்டன. ஒருநாள் பெட்டி அருகிலேயே அழுதுவிட்டாள். “இதுவும் போச்சுன்னா என்னை அனுப்பிடுவாங்கக்கா.”

துளியக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் பேட்டரி செல்களுக்கு மட்டும் ஒரு துளி கூடுதலாக விட்டாள். பிள்ளை தட்டில் இன்னொரு கரண்டி போடுகிற பழக்கம், வேறென்ன.

அவை மாதக்கணக்கில் ஓடின. இயக்குநர் பாராட்டினார், பெண்ணின் வேலையும் நிலைத்தது. அதோடு நின்றிருந்தால் சரி. அடுத்த மேசை ஆராய்ச்சிக்காரரின் கலவை சரியான அளவிலேயே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் இந்த அளவுக்கு ஓடவில்லை. அதை ஓரங்கட்டி, அவரையும் அனுப்பிவிட்டார்கள். போகும்போது, “என் செல்லெல்லாம் சுத்தமா கோத்துக் குடுத்தீங்க, ரொம்ப நன்றிம்மா” என்றார். அன்றிலிருந்து துளியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று மனசு அறுத்தது.

தாங்க முடியாமல் ஒருநாள் பெண்ணிடம் போட்டு உடைத்தாள்.

அந்தப் பெண் நிமிரவில்லை. “தெரியும்க்கா. அப்பவே எடை போட்டுப் பாத்தேன்.”

“தெரிஞ்சும் ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டா நீங்க உண்மையச் சொல்லிடுவீங்களே.”

துளியக்காவுக்குத் திட்ட வாய் வரவில்லை. திட்டுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை? நேரே இயக்குநர் அறைக்குப் போய், கூடுதலாக விட்டது தான்தான் என்று சொல்லிவிட்டாள்.

இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அவரைத் திரும்பக் கூப்பிடறேன். எல்லா செல்லையும் மறுபடி செய்யணும். இது அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?”

“ஐயோ, அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றாள் துளியக்கா, யோசிக்காமலே. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்த பிறகுதான், மறுபடியும் அவளுக்கு மட்டும் கூடுதலாக ஊற்றிவிட்டு வந்திருக்கிறோம் என்று உறைத்தது.