டிரசர் இடுப்பில் இருந்த கருவி

எங்கள் தோட்டத்து டிரசர் சத்தியசீலன் தவளைக்குப் பயப்படுவார். மழைக்காலத்தில் கிளினிக் வாசலில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தால் போதும், அது போகிறவரை என் வேனை விட்டு இறங்கமாட்டார். அப்படிப்பட்ட மனிதர் தனக்குத் துப்பாக்கி வேண்டும் என்று கேட்டாரென்றால், எங்கள் ஆட்களின் லட்சணத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் மணியம். கோலா சாவா பக்கம் உள்ள இந்தச் செம்பனைத் தோட்டத்தில் கிளினிக் வேன் ஓட்டுகிறேன். காயத்துக்கு மருந்து கட்டுவது, ஊசி போடுவது, பிரஷர் பார்ப்பது, முடியாதவனுக்கு எம்சி என்கிற விடுப்புச் சீட்டு எழுதுவது எல்லாம் டிரசர்தான். பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்த வேலைக்கு இப்போது வேறு பெயர் சொல்கிறார்களாம். சொல்லிக்கொள்ளட்டும். டிரசர் இளம் வயதில் ரந்தாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கல்யாணம் செய்தார், மகளைச் சிரம்பானில் கட்டிக்கொடுத்தார், மனைவியைப் பறிகொடுத்தார். கோயில் பஜனையில் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை சுருதி சேராமல்தான் பாடுகிறார். அதற்கு மருந்து அவரிடமே இல்லை.

திங்கட்கிழமை காலையானால் எங்கள் தோட்டம் முழுக்க நோய் பரவிவிடும். தலைவலி, வயிற்றுவலி, பெயர் தெரியாத வலி. எல்லாரும் எம்சிக்கு வரிசை பிடிப்பார்கள். அப்படி ஒரு திங்கட்கிழமைதான் வீரமுத்து வந்தான். பழம் வெட்டுகிறவன், கபடிக் குழுவுக்குத் தலைவன், கதவில் வந்து நின்றால் வெளிச்சம் உள்ளே வராது, அவ்வளவு அகலம். கையில் செம்பனை முள் கிழித்திருந்தது.

“எம்சி எல்லாம் கிடையாது. ஒரு ஊசி போடறேன், வேலைக்குப் போ” என்றார் டிரசர்.

அவ்வளவுதான். வீரமுத்து அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கி, மருந்து அலமாரியின் உச்சியில் உட்கார வைத்துவிட்டு வெளியே ஓடிவிட்டான். நான் போய்ப் பார்த்தபோது டிரசர் மேலே காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கிளினிக்கைக் கூட்டிப் பெருக்கி, கொதிநீரில் கத்திரி அலசுகிற செல்லம் அக்கா கீழே நின்று, “குதிங்க டிரசர் ஐயா, நான் புடிச்சுக்கறேன்” என்று முந்தானையை விரித்துக்கொண்டிருந்தது. ஏணி வைத்து இறக்கினோம். எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து கதவு திறந்தாலே அவருக்குத் தூக்கிப்போடும். ஒருநாள் வேனில் வரும்போது ஆரம்பித்தார்.

“மணியம், வைத்தியம் பாக்கறவனுக்கெல்லாம் துப்பாக்கி குடுக்கணும்லா. வெளியில தெரியாம மறைச்சு வச்சுக்கணும். அது இருக்குன்னு தெரிஞ்சா எவனும் கிட்ட வரமாட்டான்.”

“மறைச்சு வச்சா எப்படித் தெரியும் டிரசர்?”

“தெரியாத மாதிரி தெரியணும்” என்றார்.

அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னைக் கலக்கியது. துப்பாக்கி கிடைக்காவிட்டால் சிரம்பானுக்கு மகள் வீட்டோடு போய்விடுவாராம். அவர் போனால் கம்பெனி இன்னொரு ஆளைப் போடாது. கிளினிக்கை எப்போது பூட்டலாம் என்று பூட்டும் கையுமாக நிற்கிறார்கள். என் மனைவி மோகனாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. கிளினிக் இல்லாத தோட்டத்தில் அவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எனக்கு வீரமுத்து மேலும் கோபம் வந்தது, டிரசர் மேலும் கோபம் வந்தது.

லைசென்ஸ் கேட்டுப் போலீஸ் நிலையத்துக்கும் போனார். அங்கிருந்த சார்ஜன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, தன் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

செய்தி காதர் மைதீன் பாயின் சாப்பாட்டுக் கடைக்கு வந்து சேர்ந்தது. அங்கே வந்து சேராத செய்தி கிடையாது. வைத்தியர் கையில் துப்பாக்கி இருக்கலாமா என்று ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். பாவம், வைத்துக்கொள்ளட்டும் என்றது ஒரு கூட்டம். துப்பாக்கியைக் காட்டித்தான் கசப்பு மருந்து குடிக்க வைப்பார் என்றது இன்னொரு கூட்டம். பாய் தே தாரிக் தேநீரை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டே முடித்து வைத்தார்.

“அந்த மனுசன் ரத்தம் எடுக்கறதுக்கு என் கையில நரம்பைத் தேடித் தேடி மூணு எடத்துல குத்துனாருப்பா. அவர் சுட்டா எங்க படும்? கடையில இருக்கற அத்தனை பேரும் தரையில படுக்கணும்லா.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிரசர் தனியாகச் சி ரூசா கடற்கரைப் பக்கம் போய் வந்தார். திங்கட்கிழமை அவர் வெள்ளைக் கோட்டின் வலப்பக்கம் இடுப்பில் ஏதோ புடைத்துக்கொண்டு நின்றது. நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கக் குனிந்தால், கறுப்பாக ஒரு பிடி எட்டிப் பார்த்து நோயாளியின் தொடையில் இடித்தது. மத்தியானத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குச் சிறையும் ரோத்தான் பிரம்படியும் உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் எம்சி யார் எழுதுவது?

அதோடு வைத்தியம் கெட்டது. பிரஷர் பார்க்க உட்காருகிறவர்களின் கண்ணெல்லாம் அந்த இடுப்பில். எல்லாருக்கும் பிரஷர் எகிறியது. மோகனாவுக்கு எகிறியது, பாய்க்கு எகிறியது, துணைக்குப் போன எனக்கும் எகிறியது. டிரசர் பதறிப்போய், “தோட்டத்துக் கிணத்துலயே உப்பு கலந்திருச்சா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு இடுப்பைச் சரிசெய்துகொண்டார். “எனக்கு ஒண்ணும் இல்ல டிரசர், சரியாப் போச்சு” என்று பாதிப் பேர் வாசலிலேயே குணமாகித் திரும்பினார்கள்.

அந்த வாரமே ஆயுத பூஜை வந்தது. கிளினிக் பூஜை செல்லம் அக்காவின் ராஜ்யம். சுண்டல் வாசனைக்குத் தோட்டமே கூடிவிட்டது. பின்வரிசையில் வெள்ளை வேட்டி கட்டி வீரமுத்துவும் நின்றான். அக்கா ஈரத்துணியால் ஒவ்வொரு கருவியாகத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து சாமி முன்னால் அடுக்கியது. நெஞ்சுக் குழாய், பிரஷர் பெட்டி, கத்திரி, ஊசி, என் வேன் சாவி எல்லாம் ஆயிற்று. பிறகு டிரசர் முன்னால் போய்க் கையை நீட்டியது.

“குடுங்க ஐயா.”

“எதை?”

“இடுப்புல இருக்கறத.”

இத்தனை பேர் முன்னால் வெளியே வந்தால் அப்புறம் மறைக்க முடியுமா?

“அது கருவி இல்ல செல்லம்” என்றார் டிரசர். கோட்டை இழுத்து மூடிக்கொண்டார்.

“வேலைக்குக் கொண்டாந்தா கருவிதான். பூசைக்கு வைக்காத கருவி எசமானையே திருப்பி அடிக்கும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

சொல்லிக்கொண்டே கோட்டுக்குள் கையை விட்டு உருவிவிட்டது. கூட்டம் நாலடி பின்வாங்கியது. பாய் சொன்னபடி தரையில் படுத்தேவிட்டார். அக்கா அதெல்லாம் கவனிக்கவில்லை, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தது. துடைக்கத் துடைக்கக் கறுப்புப் போனது. சப்பாத்துக்குப் போடுகிற பாலிஷ். அடியில் இருந்து ரோஸ் நிறத்தில் பிளாஸ்டிக் வந்தது. அதில் ஒரு வாத்துப் படம். கடற்கரையில் பிள்ளைகளுக்கு விற்கிற தண்ணீர்த் துப்பாக்கி.

“இது என்ன…” என்று அக்கா திருப்பிப் பார்த்ததில் விரல் அழுந்தியது. உள்ளே இருந்து, புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்து பீய்ச்சி அடித்தது. நேராக வீரமுத்து மேல். நெற்றியிலிருந்து வேட்டிவரை ஊதா.

சிரித்தோம். மூக்கில் நீர் வரச் சிரித்தோம். டிரசர் மட்டும் சிரிக்கவில்லை.

“சிரிங்க” என்றார். “யாராவது அடிக்க வந்தா மூஞ்சில அடையாளமாவது இருக்கட்டும்னுதான் வச்சிருந்தேன். இத்தனை வருசம் உங்களுக்கு மருந்து கட்டுன எடம் இது. இப்ப கதவு தொறந்தா கை நடுங்குது. என்னால முடியல. நாளைக்குக் காலையில நான் சிரம்பான் போறேன்.”

சிரிப்பு அப்படியே நின்றது. மோகனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊதா முகத்தோடு வீரமுத்து முன்னால் வந்தான். டிரசர் அலமாரியைப் பார்த்தார்.

“டிரசர், மன்னிச்சிருங்க” என்றான். “அன்னைக்கு எம்சிக்காக உங்களைத் தூக்கல. உங்க கையில ஊசி இருந்துச்சு.”

“அதுக்கு?”

“எனக்கு ஊசின்னா பயம். சின்னதுலேர்ந்து. நீங்க கிட்ட வந்தீங்க, எனக்குக் கண்ணு இருட்டிக்கிச்சு. கிட்ட வராம இருக்கட்டும்னுதான் மேல வச்சேன்.”

கபடித் தலைவன் இத்தனை பேர் முன்னால் இதைச் சொல்லிவிட்டுத் தேம்பினான். ஊதா நிறத்தில் கண்ணீர் வழிந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. டிரசர் அவனையே பார்த்தார். அவர் இத்தனை நாள் நடுங்கியது தன்னைப் பார்த்து நடுங்கியவனை நினைத்துத்தான்.

“கையைக் காட்டு” என்றார். திருப்பிப் பார்த்தார். “முள் கிழிச்சு இத்தனை நாளாச்சு, இன்னும் சீழ் நிக்குது. அறிவு இருக்கா உனக்கு? உட்காரு, இப்பவே போட்டுடறேன்.”

அவர் ஊசியை எடுக்கப் போனபோது செல்லம் அக்கா குறுக்கே பாய்ந்தது.

“தொடக்கூடாது! பூசையில வச்சதை இன்னைக்குத் தொடக்கூடாது!”

டிரசர் எரிச்சலோடு திரும்பி வீரமுத்துவின் தோளில் ஒன்று போட்டார்.

“சரி, நாளைக்குக் காலையில வந்துரு. வெறும் வயித்துல வந்து மயங்கி விழாத, என்னால உன்னைத் தூக்க முடியாது.”

வீரமுத்து தலையாட்டினான். நான் மோகனாவைப் பார்த்தேன். ‘நாளைக்குக் காலையில வந்துரு’ என்றது அவளுக்கும் காதில் விழுந்திருந்தது.